கண்பொத்தி ரீச்சர்

பிள்ளையைத் தரச் சொல்லி அந்தப் பெண் கையை நீட்டிய நிமிடமே எனக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது.

டெனிஸ் மைதானத்து வேலியோரத் தகரக் கொட்டகையில், ஒன்பது மாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருவதாகச் சொன்ன மச்சாளுக்கு விடியக் காய்ச்சல். கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர். கப்பல் உள்ளே வரும் நேரம் தொலைபேசியை எடுக்கமாட்டார். கோட்டு நடுவர்களான எங்களை உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“தாங்கோ தங்கச்சி, நான் இஞ்சதான் இருப்பன்,” என்றார் அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் சமைக்கிறதாகத் தானாகவே சொன்னார். பிள்ளை என்னைத் திரும்பியும் பார்க்காமல் அவரிடம் தாவிவிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சமையல் வேலை உள்ள ஒருவர் காலையிலேயே இங்கே வந்து ஏன் குந்தியிருக்கிறார் என்ற கேள்வி, நான் மைதானத்துக்குள் போய் என் இடத்தில் நின்ற பிறகுதான் வந்தது. அப்போது திரும்பிப் போக ஏலாது.

அந்தப் போட்டி எங்கள் ஊருக்குப் புதிது. வெளிநாடுகளிலிருந்து பெண்கள் வந்து காசுப் பரிசுக்கும் உலகத் தரவரிசைப் புள்ளிக்கும் விளையாடுகிற போட்டி. தொலைக்காட்சியில் பெரிய போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். சனம் இருந்து பார்க்கப் பள்ளிக்கூடங்களிலிருந்து வாங்குகள் வந்தன. விடியற்புறம் உள்ளே புகுந்துவிடும் மான்களைத் துரத்தி, புழுக்கையைக் கூட்டித் தள்ளிய பிறகுதான் ஆட்டம் தொடங்கும். பத்து மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று எழும்பினால் உயரே போன பந்து எங்கே இறங்கும் என்று அடித்தவளுக்கே தெரியாது. கோட்டு நடுவர்களையும் உள்ளூரிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியைகள் வேண்டும் என்று கேட்டபோது, பிள்ளைக்காகச் சம்பளமில்லாத விடுமுறையில் வீட்டில் இருந்த என் பெயரை அதிபர் கொடுத்திருந்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

கொழும்பிலிருந்து வந்த பொறுப்பாளர், கட்டையாக முடி வெட்டிய ஒரு சிங்களப் பெண்மணி, எங்களுக்கு வகுப்பு எடுத்தார். பந்தைப் பார்க்காதீர்கள், பந்து வருமுன்பே கண்ணைக் கோட்டில் வைத்துக்கொண்டு காத்திருங்கள் என்றார். வெளியே விழுந்தால் உரக்கச் சொல்லிக் கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். உள்ளே விழுந்தால் வாய் திறக்காமல் உள்ளங்கைகளைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். பார்க்க முடியாமல் போனால் இரண்டு கைகளையும் தூக்கிக் கண்களை மறைக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் அவர் நெடுநேரம் நின்றார். பார்க்காததைச் சொல்ல வேண்டாம், ஊகிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்த ஆசிரியை என் காதுக்குள், “பார்க்கேல்லை எண்டு சொல்லவா ரீச்சர் எங்களுக்குச் சம்பளம் தருவாங்க?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மூன்றாவது கை மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் அப்படி ஒரு கையைத் தூக்க முடிந்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்தேன்.

முதல் நாள் ஆட்டம் முடிந்து ஓடிவந்தபோது பிள்ளை அந்தப் பெண்ணின் மடியில் நித்திரையாக இருந்தாள். வீட்டில் தாலாட்டியும் நித்திரை கொள்ளாதவள். வாயை மோந்து பார்த்தேன், ஏதாவது இனிப்புத் தண்ணீர் கொடுத்திருப்பாரோ என்று. பால் மட்டும்தான் மணத்தது. அவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

“பயப்படாதீங்கோ, நீங்கள் கட்டித் தந்ததுதான் குடுத்தனான்,” என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுவே இன்னொரு சந்தேகம். நானாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. மறுநாளும் வந்தார். பால்போத்தல் பையின் நாடாவை நான் ஒரு விதமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன், திரும்பி வந்ததும் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்தேன். இதை இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னபோது, “நீ பொலிஸில சேர்ந்திருக்கோணும். பாவம், பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாய்,” என்றார்.

இரட்டையர் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முதல் நாள், பிள்ளையைத் திருப்பித் தரும்போது அந்தப் பெண் சொன்னார்:

“நாளைக்கு என்ர மகளும் இறங்குறா, ரீச்சர். ரெண்டு ரெண்டு பேர் விளையாடுறதில.”

அதுவரை தங்கச்சி என்று கூப்பிட்டவர் ரீச்சர் என்று மாறியதை நான் கவனித்தேன். மகளுக்குப் பத்தொன்பது வயது. விடுதிக்குப் பக்கத்து ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்து விளையாடப் பழகியவள். கொழும்புப் பிள்ளை ஒருத்தியோடு சேர்த்து, உள்ளூர்க்காரி என்பதற்காக ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சுற்று வென்றால் தரவரிசையில் ஒரேயொரு புள்ளி. அந்தப் புள்ளி கிடைத்தால் பெயர் உலகக் கணக்கில் ஏறிவிடும்; அடுத்த போட்டிக்கு யாரிடமும் கெஞ்சாமல் பெயர் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் மகள் ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலைக்குப் போவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் அவர் பிள்ளையின் தலைமயிரைக் கோதிக்கொண்டே சொன்னார்.

இதற்காகத்தானா? இத்தனை நாள் மடி, தாலாட்டு, காசு வேண்டாம் என்ற கை எல்லாம் இதற்காகத்தானா? அந்தக் கணமே நான் பொறுப்பாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் களைத்திருந்தார். வெயிலில் இரண்டு கோட்டு நடுவர்கள் விழுந்து படுத்துவிட்டார்கள், மாற்ற ஆள் இல்லை என்றார். இந்த ஊரில் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வா, அவரை நிறுத்துகிறேன் என்றும் சிரித்தார். சொல்லிவிட்டாய், அது போதும் என்றார். போதும் என்று எனக்குப் படவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு நான் என்ன செய்ய?

மறுநாள் காலை வேறு யாரிடமாவது பிள்ளையைக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் மச்சாளுக்கு இருமல் நிற்கவில்லை. அன்று சனம் நிறைய வரும் என்பதும் தெரிந்துவிட்டது. உப்புவெளியிலிருந்து ஓட்டோ ஓட்டோவாக வரப்போகிறார்கள் என்று அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுப் பக்கமே கதை வந்திருந்தது. அத்தனை கண்ணும் பிள்ளை மேல் படுமே என்று அலுமாரியைத் திறந்து, பிறந்த முப்பத்தோராம் நாள் போட்டுப் பிறகு எடுத்து வைத்த பஞ்சாயுதத்தை எடுத்தேன். கண்ணூறு படாமல் குழந்தைக்குப் போடுகிற அந்தத் தங்கப் பதக்கம், சங்கும் வில்லும் வாளுமாக ஓரமெல்லாம் கூர். கழுத்தில் போட்டால் கூட்டத்தில் யாராவது அறுத்துக்கொண்டு போவார்கள். அதனால் அரைநாணில் கோர்த்து, நாப்கின் துணிக்குள் மறைவாக விட்டேன். கன்னத்தில் கறுப்புப் பொட்டும் வைத்தேன்.

கொட்டகையில் அந்தப் பெண் சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பிள்ளை இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டிவிட்டாள்.

என்னை ஆடுகளத்தின் பின் எல்லையான அடிக்கோட்டில் நிறுத்தினார்கள். இரட்டையர் ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று, வலையோரம் நிற்கிறவள் தன் முதுகுக்குப் பின்னால் விரல்களைக் காட்டித் துணைக்காரிக்கு ரகசியம் சொல்வது. அடிக்கோட்டில் நிற்கிற எனக்கு அந்த விரல்கள் எல்லாம் தெரியும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பந்தை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு குசுகுசுப்பார்கள். எதிர்ப்பக்கத்து இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். அங்கே ஒருவரை ஒருவர் நம்பித்தான் விளையாட வேண்டும், ஆனாலும் பார்க்கிறவருக்கு எல்லாமே சதி போலத் தெரியும். எனக்காவது தெரிந்தது.

அந்தப் பெண்ணின் மகள் மெலிந்தவள், மூச்சு வாங்கினாலும் முகத்தில் காட்டாதவள். முதல் செட் போனது. இரண்டாவதைப் பிடித்தார்கள். மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி எடுப்பவர்கள் வெல்கிற டை-பிரேக். வேலிக்கு வெளியே மரத்திலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். நம் பிள்ளைகள் ஒன்பது, அவர்கள் எட்டு என்று வந்தபோது அத்தனை சனமும் அமைதியாகிவிட்டது. துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. என் கணவரின் படகு அதன் பக்கத்தில் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்து போனது.

பந்து சில தடவை போய் வந்தது. பிறகு எதிர்ப்பக்கத்துப் பிள்ளை அதை உயரத் தூக்கி அடித்தாள். அது அந்தப் பெண்ணின் மகளுடைய தலைக்கு மேலால் என் கோட்டை நோக்கி வந்தது. அவள் பின்னால் ஓடிவந்தாள், பிறகு நின்றாள், மட்டையை மேலே தூக்கிக்கொண்டாள். விட்டுவிட்டாள். வெளியே போகும் என்று முடிவு செய்துவிட்டாள்.

நான் கோட்டில்தான் கண்ணை வைத்திருந்தேன். அப்போது என் பிள்ளை அழுதாள். பசி அழுகையோ நித்திரை அழுகையோ இல்லை. எதுவோ குத்தினால் வருகிற, மூச்சு அடைத்து வெடிக்கிற அழுகை. என் கழுத்து அசையவில்லை. கண் மட்டும் போய் வந்தது. போய் வந்த அந்த இடைவெளியில் பந்து விழுந்த சத்தம் கேட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உயரக் கதிரையில் இருந்த நடுவருக்கும் தெரியவில்லை, அந்தப் பிள்ளையின் உடம்பு மறைத்திருந்தது. வேலி முழுக்கக் காத்திருந்தது. வலக்கையைப் பக்கத்தில் நீட்டினால் போதும், ஊரே கத்தும், அந்தப் பிள்ளைக்குப் புள்ளி. உள்ளங்கைகளைக் கவிழ்த்தால் ஒன்பதுக்கு ஒன்பது. எந்தக் கையைக் காட்டினாலும் யாரும் என்னைக் கேட்க முடியாது. நான் இரண்டு கைகளையும் தூக்கிக் கண்களை மறைத்தேன்.

கைகளுக்குப் பின்னால் இருட்டில் சனத்தின் முணுமுணுப்புக் கேட்டது. “ரீச்சர் அழுறா,” என்று யாரோ சொன்னார்கள். வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டேன் என்று நினைத்தவர்களும் உண்டு. அந்தக் கைக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் அங்கே மிகக் கொஞ்சம். நடுவர் அந்தப் புள்ளியை மீண்டும் ஆடச் சொன்னதும் கூச்சல் எழும்பியது; யாரோ எனக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள்.

மீண்டும் ஆடினார்கள். இந்தத் தடவை நீண்டுபோகவில்லை. எதிர்ப்பக்கத்துப் பிள்ளையின் பந்து வலையின் மேல்விளிம்பில் பட்டு அவள் பக்கமே விழுந்தது. எங்கள் பிள்ளை அப்படியே தரையில் குந்திவிட்டாள். தாய் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்து மகளைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேருக்கும் நடுவில், கண்ணில் நீர் காயாத முகத்தோடு என் பிள்ளை. எல்லாத் தொலைபேசிகளும் அந்தப் படத்தைப் பிடித்தன.

நான் பிள்ளையைப் பறித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கொட்டகைக்குள் கொண்டுபோய் நாப்கினை மாற்றியபோது தொடையின் மேற்பக்கத்தில் ஒரு சிவப்புத் தழும்பு, நகம் பதிந்தது போல வளைவாக.

கிள்ளியிருக்கிறார். என் கண்ணைக் கோட்டிலிருந்து இழுப்பதற்காகக் கிள்ளியிருக்கிறார். பந்து வலையைக் கடக்கிற நேரத்துக்குள் ஒருவரால் அப்படி யோசித்துக் கிள்ள முடியுமா என்று என் மற்ற மனம் கேட்டது. பந்து போவதற்கு முன்பே முடிவு செய்திருக்கலாமே என்று முதல் மனம் பதில் சொன்னது. ஏன் அழுதவள் என்று கேட்டேன். “தெரியேல்லை ரீச்சர், மடியில சரிஞ்சு இருந்தவ, சடாரெண்டு வீரிட்டா,” என்றார் அந்தப் பெண். அவருடைய நகங்களைப் பார்த்தேன். ஒட்ட வெட்டியிருந்தார், சமையற்காரர் என்பதால். ஒட்ட வெட்டிய நகத்தால் கிள்ள முடியாதா என்ன என்றும் நினைத்தேன்.

அதற்குள் பொறுப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார். தோற்ற பிள்ளைகளின் பயிற்றுநர் முறைப்பாடு செய்திருந்தார். அவர் கையிலும் அந்தப் படம் இருந்தது: வென்றவள், வென்றவளின் தாய், கோட்டு நடுவரின் குழந்தை. பார்த்தால் ஒரே குடும்பம். பொறுப்பாளர் என்னிடம் அமைதியாகவே கேட்டார். நான் முன்கூட்டியே சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது, அது பிரச்சினை இல்லை. வேண்டுமென்று யாராவது பிள்ளையை அழ வைத்தார்களா என்பதுதான் கேள்வி. அப்படி என்றால் இந்த வெற்றியையும் அந்தப் புள்ளியையும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டி வரும் என்றார்.

என் மடியில் பிள்ளை என் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். தழும்பு நாப்கினுக்குள் இருந்தது. துணியை விலக்கிக் காட்டினால் போதும், ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை. என் பிள்ளையைக் கிள்ளியவரை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்? கிள்ளாதவர் என்றால், ஒரு சமையற்காரரின் மகளுடைய புள்ளியை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

பயிற்றுநர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அழுதது கேட்டது, ஏன் அழுதாள் என்று நான் பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீ என்ன நினைக்கிறாய் என்று அவர் கேட்டார். நினைப்பதைச் சொல்லக் கூடாது என்றுதானே எங்களுக்குப் படிப்பித்தீர்கள் என்று பொறுப்பாளரைப் பார்த்துச் சொன்னேன். அவர் பயிற்றுநரின் பக்கம் திரும்பி, முடிவு அப்படியே இருக்கும் என்றார்.

வெளியே வந்தபோது கதவடியில் அந்தப் பிள்ளை நின்றாள். தலையில் தண்ணீர் ஊற்றியிருந்தாள், மட்டையை இன்னும் பைக்குள் வைக்கவில்லை.

“ரீச்சர், அந்தப் பந்து உள்ளயா வெளியயா?”

“நான் பார்க்கேல்லை, பிள்ளை.”

“நானும் பார்க்கேல்லை,” என்றாள். “காத்துக்குப் போயிடும் எண்டு விட்டுட்டன்.”

அவள் தாய் கொஞ்சம் தள்ளி, வாங்கின் ஓரத்தில், அழைக்காமல் கிட்ட வரக்கூடாது என்பது போல நின்றார். நான் அவரைப் பார்க்காமல் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கணவர்தான் அரைநாணைக் கழற்றினார். “இதை ஏன் இடுப்பில போட்டனீ? குத்தாதே?” என்று பதக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். துணியைத் தள்ளித் தொடையைப் பார்த்தேன். தழும்பு மறைந்திருந்தது. எந்த இடத்தில் இருந்தது என்று கூட இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பதக்கத்தை என் முன்கையில் வைத்து அழுத்தினேன். வில்லின் ஓரம் வளைவாகப் பதிந்தது. நகம் பதிந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கணவர் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை முச்சந்தியில் ஓட்டோக்காரர், “கண்பொத்தி ரீச்சர், எங்க போகோணும்?” என்று கேட்டார். ஊரில் பெயர் வைக்க ஒரு இரவு போதும். மைதானத்தில் கிண்ணியா ஆசிரியை வரவேற்றார். “நானெண்டா கையை நீட்டியிருப்பன். ஊருக்கும் சந்தோசம், உங்களுக்கும் பழிப்பேர் இல்ல.” சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து இடியப்பத்தில் பாதியை எனக்கு வைத்தார்.

அந்தப் பிள்ளைக்கு அன்று அடுத்த சுற்று. என்னை வேண்டுமென்றே அடுத்த மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள். கொட்டகையில் அவளுடைய தாய் இருந்தார், இந்தத் தடவை கையை நீட்டாமல். பிள்ளைதான் அவரைக் கண்டதும் துள்ளினாள்.

நான் நாப்கினை ஒருமுறை விலக்கிப் பார்த்தேன். பதக்கம் வீட்டில் அலுமாரிக்குள் இருந்தது, தெரியும், ஆனாலும் பார்த்தேன். பிறகு பிள்ளையைக் கொடுத்தேன்.

“உங்கட மகளின்ர விளையாட்டைப் பார்க்க வேண்டாமே?” என்று கேட்டேன்.

“பிள்ளையோட பார்க்கிறன்,” என்றார். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “நேற்று ஏதும் கேட்டவையோ ரீச்சர்?” என்றார்.

“கேட்டவை.”

என்ன சொன்னீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு என்ன காரணம் என்று யோசித்துக்கொண்டே நான் என் கோட்டுக்குப் போனேன்.

கச்சான் காற்று அன்று நேரத்தோடு எழும்பிவிட்டது. கைகளை முழங்காலில் ஊன்றி, கண்ணைக் கோட்டில் வைத்தேன். முதல் பந்துகள் இலகுவாக இருந்தன. பிறகு ஒன்று தாழ்ந்து, வேகமாக, கோட்டை நோக்கி வந்தது. அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குழந்தையின் சத்தம் கேட்டது. என் பிள்ளையின் சத்தம்தான். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத அளவுக்குச் சிறிய சத்தம்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பந்து கோட்டின் வெளி விளிம்பைத் தொட்டு எழும்பியது. உள்ளங்கைகளைக் கவிழ்த்துப் பிடித்தேன்.